பால் டப்பாவால் அளந்த வாழ்க்கை: கெமர் ரூஜ் ஆட்சியில் சாதாரண மனிதர்கள்

கம்போடியாவை ஆண்ட கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் தலைமை 1976இல் ஒரு நான்காண்டுத் திட்டம் தீட்டியது. அதில் மக்களை உழைப்பின் கடுமையை வைத்து நான்கு தரமாகப் பிரித்திருந்தார்கள். முதல் தரத்துக்கு நாளொன்றுக்கு 3 டப்பா அரிசி, இரண்டாம் தரத்துக்கு 2.5, மூன்றாம் தரத்துக்கு 2, கடைசித் தரத்துக்கு 1.5. டப்பா என்றால் கெட்டிப்பால் அடைத்து வரும் தகர டப்பா. இலங்கைத் தமிழருக்குச் ‘சுண்டு’ என்றால் சட்டென்று பிடிபடும். ஒரு டப்பாவில் ஏறத்தாழ 250 கிராம் அரிசி பிடிக்கும். அதே திட்டத்தில் இனிப்புப் பண்டத்துக்கும் கணக்கு இருந்தது: 1977இல் வாரம் இரண்டு முறை, 1978இல் ஒன்றுவிட்டு ஒருநாள், 1979இல் தினந்தோறும்.

1979 பிறந்த ஏழாம் நாள் ஆட்சி கவிழ்ந்தது. 1975 ஏப்ரலில் ஏறத்தாழ 78 லட்சம் பேர் இருந்த நாட்டில் 15 முதல் 20 லட்சம் பேர் வரை அதற்குள் இறந்திருந்தார்கள். அதில் ஒரு பகுதிதான் வெட்டியும் அடித்தும் கொல்லப்பட்டவர்கள். மற்றவர்கள் பட்டினியிலும், வேலைப்பளுவிலும், மருந்தில்லாத நோயிலும் போனவர்கள். கொலைக்களங்களைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. ஆனால் அந்த நாட்டின் பெரும்பாலான மக்கள் துவோல் ஸ்லெங் சிறையின் வாசலைக் கண்டதே இல்லை. அவர்கள் தினமும் கண்டது கூட்டுச் சமையல் கொட்டகையைத்தான். அந்த ஆட்சி எப்படி இயங்கியது என்று புரிந்துகொள்ள அங்கிருந்து பார்ப்பதே சரி.

மூன்று நாள் பயணம்

1975 ஏப்ரல் 17 காலை. ஐந்தாண்டு உள்நாட்டுப் போரில் அமெரிக்க ஆதரவு பெற்ற லோன் நோல் அரசு தோற்று, கறுப்புச் சட்டை அணிந்த கெமர் ரூஜ் இளைஞர் படை தலைநகர் நோம் பென்னுக்குள் வந்தது. போருக்கு முன் 6 லட்சம் பேர் வாழ்ந்த ஊரில், கிராமங்களிலிருந்து ஓடிவந்த அகதிகளையும் சேர்த்து அன்று 20 லட்சத்துக்கு மேல் கூட்டம். சண்டை ஓய்ந்தது என்று தெருவில் கைதட்டி வரவேற்றவர்களுக்கு, சில மணி நேரத்திலேயே ஒலிபெருக்கியில் கட்டளை வந்தது: எல்லோரும் ஊரைவிட்டு வெளியேற வேண்டும், அமெரிக்கர்கள் குண்டு வீசப் போகிறார்கள், மூன்று நாளில் திரும்பிவிடலாம்.

இந்தப் பொய்யை மக்கள் நம்பியதில் வியப்பில்லை. 1973 ஆகஸ்ட் வரை அமெரிக்க விமானங்கள் கம்போடியக் கிராமங்கள்மீது உண்மையாகவே குண்டு பொழிந்திருந்தன. ஆனால் நகரங்களைக் காலி செய்வது என்ற முடிவைத் தலைமை முன்பே எடுத்துவிட்டது. நகரம் என்றால் சந்தை, பணம், படித்தவர்கள், எதிரிகள் ஒளிய இடம். அதைக் கலைத்துவிட்டால் இவையெல்லாம் ஒரே அடியில் போகும், வயலுக்கு ஆளும் கிடைக்கும். மருத்துவமனைகளும் மிஞ்சவில்லை. அறுவை சிகிச்சை முடிந்தவர்களைக் கட்டிலோடு உறவினர்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். கம்போடியாவில் ஏப்ரல்தான் வெயில் உச்சத்தில் இருக்கும் மாதம். கர்ப்பிணிகள் சாலையோரம் பிரசவித்தார்கள், முதியவர்கள் மரத்தடியில் இறந்தார்கள்.

எந்தச் சாலை வழியாகப் போவது என்பது அவரவர் விருப்பத்தில் இல்லை. எந்தத் தெருவை எந்தப் படைப்பிரிவு பிடித்திருந்ததோ, அந்தப் பிரிவு காட்டிய திசையில் நடக்க வேண்டும். வேலைக்கோ சந்தைக்கோ போயிருந்த கணவன் வடக்கே போனான், வீட்டிலிருந்த மனைவியும் பிள்ளைகளும் தெற்கே போனார்கள். மூன்று நாள்தானே என்று பலர் கையில் எடுத்தது பணத்தையும் வானொலிப் பெட்டியையும். அரிசி, உப்பு, கத்தி, பானை, கொசுவலை, மருந்து என்று எடுத்தவர்களுக்கு முதல் சில மாதங்கள் ஓடின. ரியால் நோட்டு சில நாளிலேயே வெற்றுத்தாள் ஆனது. மத்திய வங்கியையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். கெமர் ரூஜ் தங்களுக்கென்று புது நோட்டு அச்சடித்து வைத்திருந்தும் புழக்கத்தில் விடவில்லை. பணமே வேண்டாம் என்று முடிவானது.

வழியில் சோதனைச் சாவடிகளில் பெயரையும் தொழிலையும் கேட்டு எழுதினார்கள். முன்னாள் அதிகாரிகளும் சிப்பாய்களும் முன்வந்தால் மீண்டும் வேலை தருவோம் என்றார்கள். உண்மையைச் சொன்னவர்களில் பலர் திரும்பவில்லை. புர்சாட் மாகாணத்தில் துவோல் போ ச்ரே என்ற இடத்தில், கூட்டம் என்று சொல்லி அழைத்துப்போன லோன் நோல் சிப்பாய்களையும் அதிகாரிகளையும் லாரிகளில் ஏற்றிக் கொன்றது பின்னாளில் கெமர் ரூஜ் குற்றங்களை விசாரித்த நீதிமன்றத்தில் நிரூபணமானது. இந்தச் செய்தி வாய்வழியாகப் பரவியபின் பிழைக்கும் வழி ஒன்றுதான்: ரிக்‌ஷா ஓட்டினேன், காய்கறி விற்றேன் என்று சொல்வது. சொன்னால் மட்டும் போதாது. கையில் காய்ப்பு இருக்க வேண்டும், மூக்கில் கண்ணாடித் தழும்பு இருக்கக்கூடாது, ஏரில் மாடு பூட்டத் தெரிந்திருக்க வேண்டும். அதைவிடக் கடினம், சொன்ன பொய்யை மறக்காமல் இருப்பது. சுயவிவரத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி எழுதச் சொல்வார்கள், அல்லது வாயால் சொல்லச் சொல்வார்கள். முந்தையதற்கும் பிந்தையதற்கும் ஓர் ஊர்ப்பெயர் மாறினாலும் சந்தேகம்தான்.

அங்கம், மூலஸ்தானம்

ஆள்வது யார் என்று மக்களுக்குச் சொல்லப்படவில்லை. எல்லாக் கட்டளையும் ‘அங்கார்’ என்ற பெயரில் வந்தது. அமைப்பு என்று பொருள். நம்முடைய ‘அங்கம்’ என்ற சொல்லின் உறவுக்காரச் சொல். அங்கார் சோறு போடுகிறது, அங்கார் அழைக்கிறது, அங்காருக்கு அன்னாசிப்பழம்போல உடம்பெல்லாம் கண். கிராமத் தலைவனைக் கேட்டாலும் வட்டாரத் தலைவனைக் கேட்டாலும் பதில் அதே சொல்தான். போல் பாட் என்ற பெயர் 1976 ஏப்ரலில் பிரதமர் பெயராக வெளிவந்தபோது, ஒருகாலத்தில் பாரிஸில் வானொலித் தொழில்நுட்பம் படிக்கப்போன சலோத் சார்தான் அவர் என்று நாட்டில் அநேகமாக யாருக்கும் தெரியாது. அவருடைய சொந்த அண்ணனே 1978இல் கூட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். நாட்டை ஆள்வது ஒரு கம்யூனிஸ்ட் கட்சி என்பதையே 1977 செப்டம்பர் இறுதியில்தான் வெளிப்படையாக அறிவித்தார்கள். ஏறக்குறைய இரண்டரை ஆண்டு, பெயர் தெரியாத ஒன்றுக்கு மக்கள் கீழ்ப்படிந்தார்கள். புகார் சொல்லவும் ஆள் வேண்டுமே, அதுவும் இல்லை.

மக்கள் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். போர்க்காலத்திலேயே கெமர் ரூஜ் பகுதிகளில் இருந்த கிராமத்தார் ‘மூலத்தான்’ மக்கள். பாலி மொழி வழியாகக் கெமருக்குப் போன நம் ‘மூலஸ்தானம்’தான் அது, அடித்தளம் என்ற பொருளில். நகரத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் ‘புதிய மக்கள்’, இன்னொரு பெயர் ‘ஏப்ரல் 17 மக்கள்’. பழையவர்களிலும் முழு உரிமையாளர், தேர்வு நிலையினர் என்று படிகள் இருந்தன. புதியவர்கள் பெரும்பாலும் அடிமட்டப் படி. 1976 மார்ச் 20இல் 250 இடங்களுக்கு ஒரு தேர்தல் நடந்ததாக வானொலி அறிவித்தது: விவசாயிகளுக்கு 150, தொழிலாளர்களுக்கு 50, படையினருக்கு 50. புதிய மக்களுக்கு அதில் ஓட்டு இல்லை. படியின் உண்மையான பொருள் ஓட்டில் தெரியாது. கஞ்சி வரிசையில் யாருக்கு முதலில், எவ்வளவு கெட்டியாக, யாரை எந்த வேலைக்கு அனுப்புவது, யார் காணாமல் போனால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதில் தெரியும். புதிய மக்களுக்கு அடிக்கடி சொல்லப்பட்ட வாசகம்: ‘உன்னை வைத்திருந்தால் லாபமில்லை, விட்டுவிட்டால் நட்டமில்லை.’

1975 கடைசியில் இன்னொரு பெயர்ப்பு. தெற்கிலும் கிழக்கிலும் ஒருவழியாகக் குடிசை போட்டு, கீரை நட்டிருந்த லட்சக்கணக்கான புதிய மக்களை ரயிலிலும் லாரியிலும் படகிலும் ஏற்றி, பெரும்பகுதியினரை வடமேற்கே பாட்டம்பாங், புர்சாட் பக்கம் இறக்கினார்கள். அது நாட்டின் நெற்களஞ்சியம். ஆனால் வந்திறங்கிய கூட்டத்துக்கு வீடும் இல்லை, விதையும் இல்லை, அங்கிருந்த பழைய மக்கள் எண்ணிக்கையில் குறைவு. சாவு அதிகம் நடந்த இடங்களில் ஒன்றாக நெற்களஞ்சியமே ஆனது.

பானையைப் பறித்த நாள்

முதல் ஓராண்டு வரை பல இடங்களில் குடும்பம் குடும்பமாகச் சமைத்துச் சாப்பிட முடிந்தது. பங்கு அரிசி குறைவுதான். ஆனாலும் குளத்தில் பிடித்த நத்தை, வயல் நண்டு, தவளை, எலி, வள்ளைக்கீரை, புளியங்கொழுந்து, வாழைத்தண்டு எதையாவது சேர்த்துப் பானையில் போட்டால் வயிற்றுக்கு ஆகும். 1976இலிருந்து 1977 தொடக்கத்துக்குள் நாடெங்கும் கூட்டுச் சமையல் கட்டாயமானது. பானை, சட்டி, தட்டு எல்லாம் பொதுச்சொத்து. பல கிராமங்களில் ஆளுக்கு மிஞ்சியது ஒரு கரண்டி.

இந்த மூன்றேமுக்கால் ஆண்டில் சாதாரண மனிதரின் வாழ்க்கையை மிகவும் மாற்றிய ஒற்றை நடவடிக்கை எதுவென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். பணத்தை ஒழித்தபோதுகூடப் பண்டமாற்று மிஞ்சியிருந்தது. ரகசியமாக ஒரு துண்டு தங்கத்தையோ கைக்கடிகாரத்தையோ பழைய மக்களிடம் கொடுத்துச் சில டப்பா அரிசி வாங்கலாம். பானை போனபின் அந்த அரிசியை எதில் வேகவைப்பது? அடுப்புப் புகை எழுந்தாலே ஆள் வருவான். பிடித்த தவளையைக்கூடப் பொதுச் சமையலில் சேர்க்க வேண்டும், தானே தின்றால் அது தனிச்சொத்து மனப்பான்மை. ஒரு மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கியதற்கு உயிர் போயிருக்கிறது. உணவு வாய்க்கு வரும் எல்லா வழியையும் அடைத்து, ஓர் அகப்பை வழியை மட்டும் திறந்து வைத்தார்கள். அகப்பையை மேலாக முகந்தால் தண்ணீர், அடியில் துழாவினால் பருக்கை. முகப்பவன் யாரைப் பார்த்து எப்படி முகக்கிறான் என்பதே அரசியல் ஆனது.

சரி, திட்டத்தில் 2 டப்பா என்றால் தட்டில் ஏன் வரவில்லை? நெல் விளையாமல் போனதால் மட்டும் இல்லை. கணக்கிலேயே கோளாறு இருந்தது. எக்டருக்கு 3 டன் நெல் என்பது தலைமை வைத்த இலக்கு. போருக்கு முந்தைய கம்போடியாவில் சராசரி 1 டன்னை ஒட்டியே இருந்தது. ஆளுக்கு வருடம் 312 கிலோ நெல் என்பது பங்கு. குத்தினால் நாளுக்கு இரண்டு டப்பாவுக்குச் சற்று மேல் அரிசி வரும், தாராளம்தான்.

500 பேர், 150 எக்டர் உள்ள ஒரு கூட்டுறவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். திட்டப்படி விளைச்சல் 450 டன். சாப்பாட்டுக்கு 156 டன், விதைக்கு 15 டன் போக, அங்காருக்குப் போக வேண்டியது 279 டன். உண்மையில் விளைந்ததோ 150 டன். விதையைக் கழித்தால் 135. ஒரு மணிகூட வெளியே போகாமல் இருந்தால் ஆளுக்கு 270 கிலோ, பசியில்லாமல் வாழலாம். ஆனால் தலைவன் மேலே என்ன சொல்வான்? இலக்கில் மூன்றில் ஒன்றுதான் விளைந்தது என்றால் அவன் சோம்பேறி, இல்லையென்றால் சதிகாரன். எனவே அறுவடை நன்று என்று அறிக்கை போகும். லாரி வரும். கேட்ட பங்கில் மூன்றில் ஒன்றைக் கொடுத்தாலே 93 டன் போய்விடும். மீதி 42 டன்னில் ஆளுக்கு வருடம் 84 கிலோ நெல், நாளுக்கு அரை டப்பாவுக்குச் சற்று மேல் அரிசி. பங்கில் பாதியைக் கொடுத்தால் களஞ்சியத்தில் விதை நெல்கூட முழுதாக மிஞ்சாது. பொய்யான அறிக்கைகளை மேலே இருந்தவர்கள் நம்பினார்கள். நம்பியதால், பட்டினிச் செய்தி வந்தபோது அவர்களுக்குத் தோன்றிய விளக்கம் ஒன்றே: நெல் இருக்கிறது, எதிரிகள் பதுக்குகிறார்கள். அடுத்து வந்தது களையெடுப்பு.

மோசமான பகுதிகளில் பத்துப் பேருக்கும் அதற்கு மேலும் ஒரு டப்பா அரிசி போட்டுக் காய்ச்சியதாகத் தப்பிப் பிழைத்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். ஒரு டப்பா அரிசியில் ஏறத்தாழ 900 கலோரி. பத்தாகப் பிரித்தால் ஒருவருக்கு 90. ஒரு நடுத்தர வாழைப்பழத்தை விடச் சற்றுக் குறைவு. பசி உடம்பில் ஓர் ஒழுங்கில் ஏறியது. முதலில் மெலிவு, பிறகு கால் முகமெல்லாம் நீர் கோத்து வீக்கம், பொழுது சாய்ந்தால் மாலைக்கண், பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது, கடைசியில் நிற்காத வயிற்றுப்போக்கு. உப்பு இல்லாத கஞ்சி வேறு. தங்கத்துக்கு மதிப்புக் குறைந்து உப்புக்கு மதிப்பு ஏறிய ஊர்கள் உண்டு.

ஒரு கன மீட்டர் மண்

நெல்லைப் பெருக்கத் தலைமை கண்ட வழி நீர். ஆண்டு முழுதும் தண்ணீர் இருந்தால் இரண்டு போகம், மூன்று போகம். அங்கோர் மன்னர்கள் ஏரி வெட்டினார்களே, நம்மால் முடியாதா என்பது வாதம். சின்னச் சின்ன வரப்புகளை அழித்து, 100 மீட்டருக்கு 100 மீட்டர் சதுர வயல்களாக நாட்டை மாற்றப் புறப்பட்டார்கள். வளைந்து போகும் பழைய வரப்பு மண்ணின் சரிவை அறிந்து போட்டது என்பது தஞ்சாவூர்க்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நேர்க்கோட்டு வாய்க்கால் மேட்டில் வறண்டது, பள்ளத்தில் தேங்கியது. கலிங்கும் மதகும் சரியாக அமைக்காத கரைகள் சில முதல் பெருமழையிலேயே உடைந்தன. பொறியாளர்கள் இருந்தார்கள், ஆனால் பொறியாளர் என்று யார் வாய் திறப்பார்?

திருமணமாகாத இளைஞர்களையும் பெண்களையும் ‘கொங் சலாட்’ என்ற நடமாடும் படைகளில் சேர்த்தார்கள். பாந்தே மீன்சேயில் உள்ள ட்ராபியாங் துமா நீர்த்தேக்கமும் கம்போங் தோமில் சினித் ஆற்றின் குறுக்கே கட்டிய ‘ஜனவரி 1’ அணையும் இப்படி எழுந்தவை. ஆளுக்கு நாளொன்றுக்கு 1 கன மீட்டரில் தொடங்கி 3 கன மீட்டர் வரை மண் வெட்டிச் சுமக்க வேண்டும் என்று ஒதுக்கீடு.

ஒரு கன மீட்டர் மண் எடை ஏறத்தாழ 1.6 டன். காவுதடியின் இரு முனையிலும் கூடை, கூடைக்கு 15 கிலோ என்றால் ஒரு நடைக்கு 30 கிலோ. ஒரு கன மீட்டருக்கு 53 நடை, மூன்றுக்கு 160. வெட்டும் குழிக்கும் கரைக்கும் 50 மீட்டர் என்று வைத்தால் நாளுக்கு 16 கிலோமீட்டர் நடை, அதில் பாதி சுமையோடு. கரை உயர உயர அது ஏற்றம். குழி ஆழமாக ஆழமாக அதுவும் ஏற்றம். அதாவது நாள் போகப் போக அதே ஒதுக்கீட்டுக்கு உழைப்பு கூடும், கஞ்சி கூடாது. முடிக்காதவர் நிலா வெளிச்சத்தில் முடிக்க வேண்டும். மூன்று நான்கு நாள் தொடர்ந்து முடிக்காதவர் மனத்தில் நோய் என்று பொருள். ‘நினைவு நோய்’ என்றே அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள், பழைய வாழ்க்கையை நினைத்து ஏங்கும் குற்றம் அது. வாரம் பத்து நாளாக்கப்பட்டது, பத்தாம் நாள் ஓய்வு. அந்த ஓய்விலும் பெரும்பகுதி அரசியல் கூட்டத்திலும் தன்விமர்சனத்திலும் போனது.

ட்ராபியாங் துமா இன்று சாரஸ் கொக்குகளுக்கான சரணாலயம். கரை இன்னும் நிற்கிறது.

அப்பா என்ற சொல்

எல்லோருக்கும் ஒரே உடை: கறுப்புச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, கட்டம் போட்ட ‘க்ராமா’ துண்டு, டயரை அறுத்துச் செய்த செருப்பு. பெண்களுக்குக் காதோடு வெட்டிய முடி. வண்ணத் துணிகளைச் சேற்றிலோ மரப்பட்டைச் சாற்றிலோ ஊறவைத்துக் கறுப்பாக்கிக்கொண்டார்கள்.

பேச்சும் மாறியது. கெமர் மொழியில் சாப்பிடுவதற்கு ஆளைப் பொறுத்துச் சொல் மாறும். துறவிக்கு ஒன்று, அரசனுக்கு ஒன்று, பெரியவருக்கு ஒன்று; நம்மில் இறைவன் அமுது செய்வதும் நாம் சாப்பிடுவதும்போல. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு உழவர் பேச்சில் இருந்த ‘ஹோப்’ ஒன்றையே வைத்தார்கள். நகரத்துப் பிள்ளைகள் ‘பா’, ‘மாக்’ என்று கூப்பிட்டதைக் கிராம வழக்கான ‘புக்’, ‘மே’ என்று மாற்ற வேண்டும். எல்லோருக்கும் பொதுவாக ‘மித்’, தோழர், நம் மித்திரன். பல ஆண்டு வாயில் ஊறிய சொல் தவறி வந்துவிட்டால் எந்த வகுப்பில் பிறந்தவர் என்பது வெளிப்பட்டுவிடும். எழுத்தறிவு இல்லாத காவலாளிக்குக்கூட இது போதுமான சோதனை.

ஏழெட்டு வயதிலிருந்தே பிள்ளைகளைக் குழந்தைகள் படையில் சேர்த்துத் தனியே தூங்க வைத்த இடங்கள் பல. சாணம் பொறுக்குவது, இலைதழை வெட்டி எருவாக்குவது, மண் சுமப்பது அவர்கள் வேலை. பள்ளி என்பது நாளில் ஒரு மணியோ இரண்டோ மரத்தடியில் எழுத்தும் புரட்சிப் பாட்டும், பல ஊர்களில் அதுவும் இல்லை. பிள்ளையிடம் அப்பா வீட்டில் என்ன பேசினார் என்று கேட்பார்கள். பிள்ளை எதையும் காட்டிக்கொடுக்க நினைத்திருக்காது, கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கும். இதனால் பெற்றோர் பிள்ளைகள் முன் பேசுவதை நிறுத்தினார்கள். இரவில் ‘ச்லோப்’ என்ற ஊர்க்காவல் இளைஞர்கள் வீட்டடியில் நின்று ஒட்டுக்கேட்டார்கள். கெமர் வீடு கால்நட்டு உயர்த்திக் கட்டிய பலகைத் தள வீடு, அடியில் ஆள் நிற்க இடமுண்டு.

திருமணத்தையும் அங்காரே முடித்தது. கெமர்க் கல்யாணம் பெற்றோர் பேசி, பாட்டும் படையலுமாக நடப்பது. இப்போது ஒரு மாலை பெயர் வாசிப்பார்கள். இரண்டு மூன்று சோடியிலிருந்து சில இடங்களில் நூற்றுக்கும் மேல் வரிசையாக நிற்கும், பலர் துணையை அன்றுதான் முதலில் பார்ப்பார்கள். கைபிடித்து அங்காருக்கு உறுதிமொழி சொன்னால் முடிந்தது. அன்றிரவு சேர்ந்தார்களா என்று ச்லோப் வேவு பார்த்தான். சேராதவர்கள் மிரட்டப்பட்டார்கள். 2018 நவம்பர் 16இல் கெமர் ரூஜ் தலைவர்கள் நுவோன் சியா, கியூ சம்பன் இருவருக்கும் அதே நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் கட்டாயத் திருமணமும் அதற்குள் நடந்த வன்புணர்வும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களாகச் சேர்க்கப்பட்டன. அந்தக் கல்யாணங்களில் சில இன்றும் நீடிக்கின்றன. பிள்ளை பிறந்துவிட்டது, போக வேறு இடமில்லை, சிலருக்குக் காலப்போக்கில் பாசமும் வந்தது. சட்டத்தால் எளிதில் வகைப்படுத்த முடியாத இடம் இது.

பௌத்த பிக்குகளின் காவி களையப்பட்டு வயலுக்கு அனுப்பப்பட்டார்கள், விகாரைகள் கிடங்கும் சிறையும் ஆயின. சாம் என்ற சிறுபான்மை இனத்து முஸ்லிம்களின் நிலை இதைவிடக் கொடுமை. குர்ஆனைப் பறித்து, முக்காட்டைத் தடைசெய்து, பன்றிக்கறி தின்ன வைத்தார்கள். 1975இல் கோ பால், ஸ்வே க்லியாங் ஊர்களில் அவர்கள் எதிர்த்தெழுந்தபோது ஊரையே அழித்தார்கள். 1976 ஜனவரி அரசியல் சட்டம் வழிபாட்டு உரிமை உண்டு என்றுதான் சொன்னது. வேலையில்லாத் திண்டாட்டம் அறவே இல்லை என்றும் அதில் எழுதியிருந்தது, அது மட்டும் உண்மை.

மருந்துக்குக் கிராமத்து மருத்துவக் கொட்டகை. மருத்துவர்கள் ஒன்று இறந்தார்கள், இல்லை ஒளிந்தார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பதினான்கு பதினைந்து வயதுப் பெண்கள் ஊசி போட்டார்கள். மூலிகையும் மாவும் உருட்டிய பழுப்பு மாத்திரையை மக்கள் ‘முயல் புழுக்கை’ என்று அழைத்தார்கள். வேலைக்கு வராத நோயாளிக்குப் பங்கு அரிசி பாதியாகக் குறையும். அதனால் காய்ச்சலோடு வயலுக்குப் போனவர்களே அதிகம்.

படிக்க அழைத்துப் போகிறோம்

கைது என்ற சொல் இல்லை. மாலையில் இரண்டு பேர் வந்து ‘அங்கார் படிக்க அழைக்கிறது’ என்பார்கள். ‘ரியன் சூத்’ என்றால் பாடம் கற்பது. துணியை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொன்னால் குடும்பத்துக்குப் புரிந்துவிடும். அழக்கூடாது, அழுதால் எதிரிக்கு அழுததாகும். மறுநாள் அவருடைய சட்டையை வேறொருவர் போட்டிருப்பதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருக்க வேண்டும். துப்பாக்கிக் குண்டு விலையுள்ளது என்பதால் பெரும்பாலும் மண்வெட்டிக் கட்டையும் மூங்கிலும் வண்டி அச்சும்தான். நாடெங்கும் இருநூறை ஒட்டிய எண்ணிக்கையில் இப்படிச் சிறைகள் இருந்தன. நோம் பென்னில் பள்ளிக்கூடத்தைச் சிறையாக்கிய எஸ்-21, அதாவது துவோல் ஸ்லெங், அவற்றின் உச்சி. டூச் என்ற காயிங் குவெக் இயேவ் நடத்திய அங்கே 12,000க்கு மேற்பட்டவர்கள் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதி கெமர் ரூஜின் சொந்த ஆட்கள், அவர்களுடைய குடும்பத்தார்.

ஊரில் அகப்பை பிடித்தவனுக்கும் இதனால் உத்தரவாதம் இல்லை. 1977இல் வடமேற்கு மண்டலத் தலைவர்களைக் களையெடுக்கத் தென்மேற்கு மண்டலத் தலைவர் தா மோக்கின் ஆட்கள் வந்தார்கள். மக்கள் முதலில் நிம்மதியடைந்தார்கள்: பட்டினி போட்டவர்கள் போனார்கள் என்று. புதியவர்கள் சில வாரம் கெட்டிக் கஞ்சி கொடுத்தார்கள், பிறகு ஒதுக்கீட்டை ஏற்றினார்கள். 1978இல் கிழக்கு மண்டலத்தின் முறை. அதன் தலைவர் சோ பிம் ஜூனில் தற்கொலை செய்துகொண்டார். கெமர் உடம்பும் வியட்நாம் மனமும் கொண்டவர்கள் என்று முத்திரை குத்திக் கிழக்கு மக்களை மேற்கே பெயர்த்தார்கள். போகும்போது ஆளுக்கு ஒரு நீலக் கட்டம் போட்ட க்ராமா கொடுத்தார்கள். புதுத்துணி என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு, அது தங்களை அடையாளம் காட்டவே என்பது போன இடத்தில் தெரிந்தது.

1978 டிசம்பர் 25இல் வியட்நாம் படை எல்லை கடந்தது, 1979 ஜனவரி 7இல் நோம் பென் விழுந்தது. அறுவடைப் பருவம் அது. காவலாளிகள் ஓடிய கிராமங்களில் மக்கள் முதலில் செய்தது கூட்டுக் களஞ்சியத்தை உடைத்து, கிடைத்த அரிசியைப் பொங்கித் தின்றது. நெடுநாள் பட்டினியில் கிடந்த குடலுக்கு அது தாங்காமல் இறந்தவர்களும் உண்டு. அதன்பின் லட்சக்கணக்கானவர்கள் குறுக்கும் நெடுக்குமாக நாட்டைக் கால்நடையாகக் கடந்தார்கள், சொந்த ஊருக்கும், யாராவது உயிரோடு இருப்பார்களா என்று தேடவும். வயலில் நெல் உதிர்ந்தது, மாடுகளை அடித்துத் தின்றார்கள், அந்த ஆண்டு நடவு குறைந்து மறுபடியும் பஞ்சம் மிரட்டியது. பழைய நாட்டு நெல் ரகங்கள் பல கிராமங்களில் காணாமல் போயிருந்தன. போருக்கு நடுவே பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சேர்த்து வைத்திருந்த கம்போடிய விதைகளில் நூற்றுக்கணக்கான ரகங்கள் 1980களில் திரும்பி வந்தன.

புது ரியால் 1980 மார்ச்சில்தான் வெளியானது. அதுவரை ஏறத்தாழ ஐந்தாண்டு நாட்டில் நோட்டே இல்லை. சாலையோரம் மெல்ல முளைத்த சந்தைகளில் மக்கள் தங்கத்தையும் அரிசியையும் கொடுத்து வாங்கினார்கள். தாய்லாந்து எல்லையிலிருந்து வந்த துணிக்கும் சைக்கிளுக்கும் தங்கம். மீன், கீரை, ஒரு வேளைச் சோறு போன்ற சில்லறைக்கு அரிசி. அளந்தது அதே பால் டப்பாவால்.